கண்மாய்க்கு முதுகு காட்டி நிற்கும் பள்ளிக்கூடங்கள்

மதுரை மாவட்டத்துக் கண்மாய்க்கரை ஊர்களில் உள்ள அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவினருக்கு,

வணக்கம்.

குழுவின் தலைவியாக இருக்கும் தாய்மார்களுக்கும், உறுப்பினர்களாக இருக்கும் அக்கா தங்கச்சி, அண்ணன் தம்பிமாருக்கும், தலைமை ஆசிரியர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் மேலூருக்குக் கிழக்கே மீன்குஞ்சு வளர்த்து விற்கிறவன். நாலு சிமெண்ட் தொட்டி, ஒரு குட்டை, ஒரு குட்டியானை வண்டி, ஆறேழு ஆக்சிஜன் சிலிண்டர், இவ்வளவுதான் என் தொழில். உங்கள் ஊர்க் கண்மாயில் கிடக்கும் கட்லாவும் ரோகுவும் என் வண்டியில் வந்து இறங்கியவையாகக்கூட இருக்கலாம்.

நம் பக்கத்தில் பள்ளிக்கூடம் அநேகமாகக் கண்மாய்க்கரையில்தான் இருக்கும். ஊருக்குப் பொதுவாகக் கிடந்த இடம் அதுதான். ஆனால் கட்டடம் நிற்கிற நிற்பைப் பாருங்கள். வாசலும் சன்னலும் ரோட்டைப் பார்த்து இருக்கும். கண்மாய்ப் பக்கம் காம்பவுண்டுச் சுவரும் கழிப்பறையும். உள்ளே டீச்சர் கரும்பலகையில் மீன் வரைந்து செவுள் இது, துடுப்பு இது என்று பாகம் குறித்துக்கொண்டிருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் அதே மீன் துள்ளி விழும் சத்தம் கேட்கும். லோடு இறக்கப் போகிற இடமெல்லாம் நான் பார்க்கிற காட்சி இது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷத்துக்கு நாலு தடவை கண்மாய்க்கரைக்கும் மீன் தொட்டிக்கும் கூட்டிப்போக உங்கள் குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள். மீன்பிடிக்கக் கற்றுக்கொடுக்க அல்ல. அதை அவர்கள் நமக்கே கற்றுக்கொடுப்பார்கள். நாலு தடவை ஏன், இந்த வயது ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் இதைக் கேட்க எனக்கு என்ன வந்தது என்று சொல்ல வேண்டும்.

2009 பங்குனி. பக்கத்து ஊராட்சியில் ஒரு கண்மாயை மீன்பாசிக் குத்தகைக்கு, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமைக்கு, ஏலத்தில் எடுத்திருந்தேன். அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. மீன் ஒவ்வொன்றும் முக்கால் கிலோ தேறும். சித்திரை பிறந்ததும் வலை போடலாம் என்று கணக்கு. அதற்குள் இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று கோழி எருவை டிராக்டர் டிராக்டராகக் கொட்டினேன். தண்ணீர் கரும்பச்சையாகத் திரண்டு நின்றது. 'தண்ணி நல்லா ஏறியிருக்கு' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு பேசினேன். அந்த வாரம் மூன்று நாள் வானம் மூட்டம் போட்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நாலாம் நாள் விடியக் கருக்கலில் கண்மாய்க் காவல் பெரியவர் வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, கண்மாயில வெள்ளையாக் கெடக்குய்யா."

போனால், கரை நெடுக கட்லா. வாய் பிளந்து, செவுள் விரிந்து, வயிறு மேலாக. எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. எவனோ மருந்து வைத்துவிட்டான். ஏலத்தில் என்னோடு கடைசிவரை மல்லுக்கு நின்றவன் என் சித்தப்பா மகன். அவனைத் தவிர வேறு யார்? பல் கூட விளக்காமல் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். மத்தியானத்துக்குள் சொந்தம் இரண்டாகப் பிரிந்து மந்தையில் நின்றது.

சாயங்காலம் ஒரு பெண் வந்தார். உசிலம்பட்டிப் பக்கம். மீன்வளப் படிப்பு முடித்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். மச்சினன் போன் போட்டு வரவழைத்திருந்தார். செத்த மீனை அவர் அதிகம் பார்க்கவில்லை. கரையைச் சுற்றி நடந்தார்.

"சின்ன மீன் செத்திருக்காண்ணே?"

பார்த்தேன். கரையோரம் பொடிமீன்கள் திரிந்துகொண்டிருந்தன.

"விரால்?"

ஒன்றுகூட இல்லை.

"நத்தை, தவளை எல்லாம் உசுரோடதான இருக்கு? மருந்து வச்சிருந்தா அது பெரிய கட்லாவாப் பாத்துப் பொறுக்கியாண்ணே கொல்லும்?"

மறுநாள் விடியுமுன் மறுபடி வந்தார். மிச்ச மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூடி போட்ட ஒரு கண்ணாடிக் குப்பியைத் தண்ணீருக்குள் அமுக்கி, ஒரு காற்றுக் குமிழிகூட நுழையாமல் நிரப்பி எடுத்தார். இரண்டு மருந்துப் புட்டிகளிலிருந்து ஒவ்வொரு பிப்பெட் விட்டார். "ஆக்சிஜன் இருந்தா அடியில பழுப்பாப் படியும். இல்லேன்னா வெள்ளையா நிக்கும்" என்றார். டார்ச் வெளிச்சத்தில் குப்பியைத் தூக்கிப் பிடித்தார். பால் திரிந்ததுபோல வெள்ளையாக நின்றது. அன்று வானம் வெளுத்து வெயில் ஏறியது. பிற்பகல் மூன்று மணிக்கு அதே இடத்தில் எடுத்த தண்ணீர் டீத்தூள் நிறத்தில் படிந்தது.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பாசி பகலில் வெயிலை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஆக்சிஜன் விடுகிறது. ராத்திரியில் அதுவும் நம்மைப்போல மூச்சு வாங்குகிற உயிர்தான். மூன்று நாள் மூட்டத்தில் வரவு நின்றுபோனது, செலவு மட்டும் நடந்தது. நான் கொட்டிய எரு மக்குவதற்கும் ஆக்சிஜன்தான் செலவு. தண்ணீர் சூடாக இருந்தால் அதில் ஆக்சிஜன் கரைவதே குறைவு. பெரிய மீனுக்குத் தேவை அதிகம், அது முதலில் போயிற்று. விரால் மேலே வந்து நேராகக் காற்றைக் குடிக்கிற சாதி, அது தப்பித்தது. மருந்து வைத்தவன் யாருமில்லை. வைத்திருந்தால் அது நான்தான்.

"இதெல்லாம் எட்டாவதுக்குள்ள படிச்சிருப்பீங்களேண்ணே."

படித்தேன். ஒளிச்சேர்க்கை, ஐந்து மார்க் கேள்வி. படம் போட்டு அம்புக்குறி போட்டு முழு மார்க் வாங்கினேன். அது இலைக்கு மட்டும் நடக்கிற காரியம், பரீட்சைத் தாளில் நடக்கிற காரியம் என்று இருந்துவிட்டேன். கண்மாயில் நடக்கிறது என்று எனக்கு யாரும் காட்டவில்லை. போன பணத்தை இரண்டு வருஷத்தில் எடுத்துவிட்டேன். சித்தப்பா மகன் என் வீட்டு வாசல்படி மிதிக்க ஆறு வருஷம் ஆயிற்று.

இதுதான் எனக்கு வந்தது. இனி பிள்ளைகள் சமாச்சாரம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு நடுநிலைப் பள்ளி அறிவியல் டீச்சர் தன் ஏழாம் வகுப்பை, முப்பத்தொரு பிள்ளைகள், என் தொட்டிக்குக் கூட்டிவந்தார். அன்று குஞ்சு வந்து இறங்குகிற நாள். பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி முழுக்க ஆக்சிஜன், கழுத்தில் ரப்பர் பேண்ட். பையைத் தொட்டியில் அப்படியே மிதக்கவிட்டேன். ஒரு பயலுக்குப் பொறுக்கவில்லை.

"தொறந்து விட வேண்டியதுதான மாமா? ஏன் பையோட போட்டு வச்சிருக்கீங்க?"

ஒரு கையைப் பைத் தண்ணீரிலும் ஒரு கையைத் தொட்டித் தண்ணீரிலும் விடச் சொன்னேன். விட்டான். "இது ஜில்லுன்னு இருக்கு, அது சுடுது." அவ்வளவுதான். கால் மணி நேரம் ஒருவரும் பையைத் தொடவில்லை. ரெண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்ததா என்று வரிசையில் நின்று கைவிட்டுப் பார்த்தார்கள். குஞ்சுக்கு ஏன் வரும்போது தீனி போடவில்லை என்று ஒரு பெண் கேட்டாள். பட்டினி போட்டுத்தான் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் போகிற வழியில் அது கழிகிற கழிவே அம்மோனியாவாக மாறி அதைக் கொன்றுவிடும் என்றேன். "பஸ்ல போறப்ப எங்க அம்மாவும் என்னைய சாப்பிட விடாது" என்றாள். டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு குட்டையில் ஐந்நூறு மீன், ஒன்று இருநூறு கிராம், உடல் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு தீனி, ஒரு நாளைக்கு எவ்வளவு புண்ணாக்கும் தவிடும் வேண்டும் என்று கேட்டேன். வகுப்பில் வாயே திறக்காதவன் என்று டீச்சர் பிறகு சொன்ன ஒருத்தன், எழுதிப் பார்க்காமலே "மூணு கிலோ" என்றான். வீட்டில் ஆடு வளர்க்கிறார்களாம். சதவீதக் கணக்கு அவனுக்கு வராது என்றல்லவா எல்லாரும் நினைத்திருந்தார்கள். தண்ணீரில் பாசி சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், கையை முழங்கை முங்குகிறவரை விட்டால் உள்ளங்கை அப்போதுதான் மறைய வேண்டும், முன்னாடியே மறைந்தால் பாசி அதிகம், முங்கிய பிறகும் பளிச்சென்று தெரிந்தால் தீனி இல்லாத தண்ணீர் என்று காட்டினேன். முப்பத்தொரு முழங்கையும் நனைந்த பிறகுதான் அந்தக் குட்டையை விட்டு நகர்ந்தார்கள்.

குப்பிச் சோதனையும் செய்து காட்டினோம். மருந்து விட்டது டீச்சர். அது தோலை அரிக்கிற காரம், பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. தொட்டித் தண்ணீர் பழுப்பு. நான் இரண்டு நாள் முன்பே இலை தழை போட்டு மூடி வைத்திருந்த கேன் தண்ணீர் வெள்ளை. நான் 2009-இல் கண்ட அதே வெள்ளை. அவர்கள் அதைப் பன்னிரண்டு வயதில், சொந்தத்தைப் பகைக்காமல் பார்த்துவிட்டார்கள்.

இனி நாலு தடவை ஏன் என்று சொல்கிறேன். மீனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காலண்டர் ஒன்றேதான். ஜூனில் பள்ளி திறக்கிறது, ஆனி ஆடியில் குஞ்சு பொரிக்கிறது. புரட்டாசி ஐப்பசியில் பெரியாறு கால்வாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வந்து கண்மாய் பெருகுகிறது, குஞ்சு விடுகிறோம். தையில் பிடித்து அளவு பார்க்கிறோம். பங்குனி சித்திரையில் பரீட்சை முடிகிற நேரம் வலை விழுகிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை கால் விரல் நீளக் குஞ்சைப் பார்த்து, முழு ஆண்டு லீவு விடுமுன் அது முழங்கை நீளம் வளர்ந்ததைப் பார்த்துவிடலாம். ஸ்கேலும் தராசும் நோட்டும் போதும். தடவைக்கு ஒரு புள்ளி வைத்தால் வரைபடத் தாள் தானாக நிரம்பும்.

முதல் தடவைக்கு நானே ஒரு தேதி சொல்கிறேன், ஜூலை 10. அது தேசிய மீன் வளர்ப்போர் தினம். காரணம் தெரிந்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் குளத்தில் எவ்வளவு தின்று கொழுத்தாலும் முட்டையிடாது. மழைக்காலத்தில் புதுவெள்ளம் பாயும் ஆறு வேண்டும். அந்தக் காலத்தில் வடக்கே ஆற்றில் குஞ்சை அரித்து, மண்பானையில் தண்ணீரோடு ரயிலேற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். பாதி வழியிலேயே சாகும். மீதியில் எது ரோகு, எது ரோகுவைத் தின்கிற மீன் என்று வளர்ந்த பிறகுதான் தெரியும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச்.அலிகுன்ஹியும், மீனின் மூளைக்கு அடியில் கடுகளவு இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டை மீனை முட்டையிட வைத்துக் காட்டினார்கள். ஊசி போட்டால் ஆற்றுக்குப் போகாமலே மீனின் உடம்பு வெள்ளம் வந்துவிட்டதாக நம்புகிறது. இன்று சுரப்பிக்குப் பதில் தயாரித்த ஹார்மோன் வந்துவிட்டது. சாயங்காலம் ஊசி போட்டால் விடிவதற்குள் முட்டை, அதிலிருந்து பதினாலு பதினெட்டு மணி நேரத்தில் குஞ்சு. நான் பிழைக்கிற பிழைப்பு முழுக்க அந்த ஊசி முனையில் நிற்கிறது. வைகை அணை அடிவாரத்து அரசு மீன்பண்ணைக்கு ஒரு நாள் கூட்டிப்போனால் தொட்டிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுற்றுலா என்றால் அணைப் பூங்காவில் சறுக்கு விளையாடிவிட்டுத் திரும்புகிறோமே, அந்தப் பஸ்தான், அதே டீசல்தான்.

இந்த வயது ஏன்?

அரசு உயர்கல்வி வழிகாட்டல் எல்லாம் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான் பிள்ளைகளை எட்டுகிறது. நான் முதல்வன் திட்டமும் அப்படித்தான். நல்ல காரியம். ஆனால் அதற்குள் பாதிப் பிள்ளைகள் 'எனக்கு சயின்ஸ் வராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பதினொன்றில் உயிரியல் இல்லாத பிரிவை எடுத்துவிட்டால் மீன்வளப் பட்டப்படிப்பின் கதவு அங்கேயே சாத்திவிடும். இந்தப் படிப்புக்கு நீட் கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்தான். நாகப்பட்டினத்தைத் தலைமையாகக் கொண்டு 2012-இல் வந்த தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம்தான் சேர்க்கை நடத்துகிறது. அதற்கும் முந்தியது 1977-இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. மதுரையிலிருந்து ஒரு பஸ் தூரம். படிப்பு நாலு வருஷம்.

இதைவிட முக்கியமானது ஒன்று. தாய்மார்கள் தயவுசெய்து இதை இரண்டு தடவை படியுங்கள். பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம், மீன்வளம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கி 2021-இல் சட்டம் வந்தது. அந்த இடத்துக்குப் போட்டி போட ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மேற்படிப்புப் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் எண்ணுகிறது. அரசாங்கமே ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கு வைக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்றால் அது ஏற்கெனவே அந்த வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது. வரிசையின் முனையில் என்ன கிடைக்கும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என்ன கிடைக்கும்? படித்தவுடன் சர்க்கார் வேலை கொட்டிக் கிடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். மீன்வள ஆய்வாளர் பணியிடங்கள் எப்போதாவதுதான் அறிவிப்பில் வரும், போட்டியும் கடுமை. ஆனால் பிள்ளைகள் மனதில் விஞ்ஞானி என்றால் ராக்கெட், டாக்டர் என்றால் ஊசி, இந்த இரண்டுக்கு நடுவில் எதுவுமே இல்லை. உங்கள் தட்டில் விழுகிற ஒரு ரோகுத் துண்டுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று பாருங்கள். வேகமாக வளர்கிற ரோகு வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்து 'ஜெயந்தி' ரோகுவை உண்டாக்கினார்கள் புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார். அது மரபியல் படித்தவர் வேலை. தீனியில் புரதம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர் ஒருத்தர். செவுளைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்து என்ன கிருமி என்று சொல்கிறவர் ஒருத்தர். காற்றடிக்கும் இயந்திரமும் ஆக்சிஜன் அளக்கும் சென்சாரும் செய்கிறவர் பொறியாளர். சந்தையில் மீனில் ஃபார்மலின் தடவியிருக்கிறதா என்று காகிதத் துண்டை ஒற்றிப் பார்த்துச் சொல்லும் பெட்டியைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள், அது வேதியியல். கடல் மீன் பக்கம் போனால், ராமேசுவரம் போகிற வழியில் மண்டபம் இருக்கிறதே, அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2010-இல் கடல் விராலைத் தொட்டியில் முட்டையிட வைத்தார்கள். ராமேசுவரத்துக்குத் தீர்த்தமாடப் போகும் நம் குடும்பங்கள் அந்த வாசலைத் தாண்டித்தான் போகின்றன.

மீன் வளர்ப்பில் உலகத்தில் சீனாவுக்கு அடுத்து நாம்தான். ஆனால் எங்கள் தொழிலில் படித்தவர் இல்லாத குறை எப்படித் தெரிகிறது என்றால், ஒருத்தர் வந்து "சீக்கிரம் பெருக்குற கெளுத்திக் குஞ்சு வேணும்ணே" என்று தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கேட்கிறார். அது கண்மாயில் இருக்கிற எல்லாவற்றையும் தின்றுவிட்டு மறுகால் வழியே அடுத்த கண்மாய்க்கும் போய்விடும் என்று சொன்னால் நான் வியாபாரம் தெரியாதவன் ஆகிவிடுகிறேன். அவரிடம் இதை நான் சொல்வதைவிட அவர் மகள் எட்டாம் வகுப்பிலிருந்து வந்து சொன்னால் கேட்பார்.

உங்கள் தரப்பு ஆட்சேபணைகளும் எனக்குத் தெரியும். ஒரு கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு தகப்பனார் எழுந்து, "மீன் புடிக்கவா எம் புள்ளைய படிக்க அனுப்புறேன்?" என்றார். கை தட்டினார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தலைமுறையில் மீன் தொழில் என்றால் இன்ன சாதிக்காரர் வேலை, நாறுகிற வேலை. ஆனால் அதே தகப்பனார் சித்திரையில் மீன்பிடித் திருவிழா என்றால் முந்தின ராத்திரியே ஊத்தாக் கூடையோடு வந்து கரையில் படுத்திருப்பவர். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் முதலில் தண்ணீருக்குள் பாய்பவர். மீன் பிடித்தால் கௌரவம், மீனைப் படித்தால் கேவலம் என்றால் எப்படி? உசிலம்பட்டிப் பெண்ணின் அப்பாவும் இப்படிப் பேசியவராம்.

இன்னொரு ஆட்சேபணையை நான் தலை வணங்கி ஏற்கிறேன். தண்ணீர். ஒரு தலைமை ஆசிரியர் என்னிடம், "ஒரு புள்ளை தவறி விழுந்தா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். சவுடு அள்ளிய பள்ளங்களில் பிள்ளைகள் மூழ்கிப் போன வீடுகள் நம் பக்கம் உண்டு. அந்த வீடுகளின் பெயரால்தான் நான் இன்னும் அழுத்திக் கேட்கிறேன். போகாதே என்று சொன்னதால் பிள்ளைகள் போகாமலா இருக்கிறார்கள்? சனிக்கிழமை பாருங்கள், தூண்டிலும் மண்புழு டப்பாவுமாகப் பத்துப் பேர் மடைமேல் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு பெரிய ஆள் பக்கத்தில் இருக்காது. நான் சொல்கிற முறையில் எந்தப் பிள்ளையும் கண்மாய்த் தண்ணீருக்குள் இறங்காது. இறங்குவது பெரியவர்கள், தண்ணீர் வருவது வாளியில், மீன் வருவது தொட்டியில். கை விட்டுப் பார்ப்பதெல்லாம் முழங்கால் ஆழத் தொட்டிக்கு வெளியே நின்று. ஐந்து பிள்ளைக்கு ஒரு பெற்றவர் கூட வர வேண்டும். அதற்குத்தானே மேலாண்மைக் குழு? கயிறும் காற்றடித்த லாரி டியூபும் கரையில் கிடக்க வேண்டும். எந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது என்று கண்மாய்க் காவலர் அன்றைக்கே பிள்ளைகளுக்குக் கையைக் காட்டிச் சொல்லட்டும். அது சனிக்கிழமைக்கும் உதவும்.

செலவு? குஞ்சும் தொட்டியும் என் பொறுப்பு. என் வண்டி போய்வரும் தூரத்தில் இருக்கிற பள்ளிகளுக்குக் காசு வாங்கமாட்டேன். மற்ற பக்கம், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று எல்லா இடத்திலும் என்னைப்போல ஆட்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள், எங்களை யாரும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டதில்லை என்பதுதான் விஷயம். ஆறு முதல் எட்டாம் வகுப்புக்காகவே 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்ற அறிவியல் திட்டத்தைத் தொடங்கினார்களே, அந்தக் கருத்தாளர்கள் சோதனைப் பொருட்களோடு பள்ளிக்கு வருகிறார்கள். அவர்கள் வருகிற நாளில் ஒன்றைக் கரையில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அறிவியல் டீச்சருக்கு இது கூடுதல் வேலை என்றும் எனக்குத் தெரியும். பதிவேடு எழுதவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. அதனால்தான் டீச்சரிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன். தீர்மானம் இருந்தால் அனுமதி கேட்டு அவர் தனியாக நிற்க வேண்டியிருக்காது.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு வந்த முப்பத்தொரு பேரில், பஸ்ஸில் அம்மா சாப்பிட விடாது என்றாளே, அந்தப் பெண் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டாள். "கோடையில நம்ம கம்மா பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குதுல்ல மாமா. தண்ணி வந்து கொஞ்ச நாள்ல அயிரை வந்துருது. யாரும் குஞ்சு விடல. எங்கிட்டிருந்து வருது?"

மதுரைக்காரன் அயிரைக் குழம்புக்கு உயிரை விடுவான். கிலோ ஆட்டுக்கறி விலையைத் தாண்டும். உயிரோடு வாங்கிவந்து தேங்காய்ப்பாலில் விட்டு மண்ணைக் கக்கவைப்பது வரைக்கும் நமக்கு அத்துப்படி. அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று பேரிடம் கேட்டேன். ஒருத்தர் சேற்றுக்குள் கிடக்கும் என்றார், ஒருத்தர் கால்வாயில் வரும் என்றார், காவல் பெரியவர் மழையோடு விழும் என்றார். அவளிடம் மூன்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சித்திரையில நடுக்கம்மா மண்ணை வெட்டிச் சட்டியில எடுத்துட்டு வந்து, வலை கட்டித் தண்ணி ஊத்தி வச்சுப் பாப்போம். கால்வாய்த் தண்ணி ஊத்தாம குழாத்தண்ணி ஊத்துவோம். மீன் வந்தா சேறு, வரலேன்னா கால்வாய்" என்றாள்.

"மழை?"

"அதுக்குத்தான் மாமா வலை."

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. வாய் அகன்ற மண்சட்டி ஆறு, மானாமதுரையிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். கண்மாய்க்குள் இறங்கி மண் எடுக்க ஊராட்சியில் சரி சொல்லிவிட்டார்கள். சட்டிகளை வைப்பதற்குப் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் பத்தடி நிழல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. உங்கள் பள்ளியில் அந்தப் பத்தடி இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு நானும் அவளும் வருகிறோம். தேதியை மட்டும் சொல்லி விடுங்கள்.

இப்படிக்கு,
மேலூர்ப் பக்கத்து மீன்குஞ்சு வியாபாரி